பெயர் எழுதிய கல்

கண்டி நகரத்துக்குத் தென்மேற்கே ஒரு யுத்த மயானம் இருக்கிறது. நான் கட்டுகஸ்தோட்டையில் குடியிருந்தும் பல வருடங்களாக அங்கே போனதில்லை. சென்ற வருடம் ஒரு நாள் பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போய்த் திரும்பும்போது, என்னோடு துணைக்கு வந்த பக்கத்து வீட்டுப் பெண்தான், "அக்கே, ஒருக்கா உள்ளே போய்ப் பார்த்துவிட்டுப் போவோமா?" என்று கேட்டாள்.

அவள் சிங்களப் பெண். நான் அவளை நங்கி என்றுதான் கூப்பிடுவேன். அவளுடைய அண்ணன் இராணுவச் சிப்பாய். 1996 ஜூலையில் முல்லைத்தீவு முகாம் தாக்கப்பட்டபோது அங்கே இருந்தவர். அந்தச் சமரில் ஆயிரத்துக்கு மேற்பட்ட படையினர் இறந்தார்கள். பலருடைய உடல்கள் வீடு வந்து சேரவில்லை. அவருடைய உடலும் வரவில்லை.

எங்கள் குடும்பம் 1977 கலவரத்தில் கண்டித் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பம். என் தம்பி ஆயுதம் ஏந்தியவர்களோடு போனவன். 2009 மாசிக்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. நங்கியும் நானும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தும் வெகுகாலம் இந்தக் கதையைப் பேசிக்கொண்டதே இல்லை.

மயானத்தின் உள்ளே புல் ஒரே அளவாக வெட்டப்பட்டிருந்தது. கல்லறைகளுக்கு நடுவே பூச்செடிகள். இரண்டாம் உலகப் போரில் இறந்த ஏறத்தாழ 200 பேர் அங்கே கிடக்கிறார்கள். 1944இல் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் பேராதனைப் பூங்காவுக்கு வந்தபடியால் பல நாட்டுப் படையினரும் இந்தப் பக்கம் இருந்தார்கள். பிரித்தானியர், கிழக்கு ஆபிரிக்கர், இந்தியர், கனேடியர், எங்கள் நாட்டவர் என்று எல்லாரும் பக்கத்தில் பக்கத்தில். எதிர்ப்பக்கத்தில் நின்ற இத்தாலியரும் சிலர் இருக்கிறார்கள். அதிகாரிக்கு ஒரு கல், சிப்பாய்க்கு வேறு கல் என்று இல்லை. 1917இல் தொடங்கிய யுத்தக் கல்லறை ஆணைக்குழுவின் விதி அது.

இந்த ஆணைக்குழு பராமரிக்கும் மயானங்களுக்குப் பெயர்ப்பதிவேடு உண்டு. இறந்தவரின் பெயர், படைப்பிரிவு, வயது, இறந்த திகதி. பலருக்கு அதற்குக் கீழே, இன்னாருடைய மகன், இன்னாருடைய கணவன் என்றும் எழுதியிருக்கும். எங்கேயோ ஓர் ஊரில் கடிதத்துக்காகக் காத்திருந்த ஒரு தாயின் பெயரும் மனைவியின் பெயரும் அப்படித்தான் பதிவில் ஏறின. அதை நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

சண்டையில் இறந்தவர்கள் எல்லாரும் குண்டுபட்டே இறந்தவர்கள் அல்லர். தலதா மாளிகைக்குப் பக்கத்திலுள்ள பழைய ஆங்கிலேயப் படை மயானத்தில் உள்ளவர்களில் பலரைக் கொண்டுபோனது காய்ச்சலும் வயிற்றோட்டமும்தான். 1815ஆம் ஆண்டுக் கண்டி உடன்படிக்கையோடு சம்பந்தப்பட்ட ஜோன் டொய்லியும் 1824இல் காய்ச்சலில் இறந்து அங்கேதான் அடக்கமானார். 1817, 1818 ஊவாக் கிளர்ச்சியில் ஆங்கிலேயர் பக்கம் ஏறத்தாழ 1,000 பேரும், நாட்டு மக்கள் 10,000 பேர் வரையிலும் இறந்திருக்கலாம் என்று அக்காலத்தில் இங்கிருந்த வைத்தியர் ஜோன் டேவி கணக்கிட்டார். ஆங்கிலேயர் சிலருக்காவது கல் இருக்கிறது. அந்தப் பத்தாயிரம் பேரும் எந்தக் காட்டில், எந்த வயலில் கிடக்கிறார்களோ!

எல்லாருக்கும் ஒரே கல் என்ற விதியும் எல்லா இடத்திலும் காக்கப்படவில்லை. முதலாம் உலகப் போரில் இறந்த ஆபிரிக்க, ஆசிய, மத்திய கிழக்குப் படையினரிலும் சுமைகூலிகளிலும் குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயர் எழுதப்படவில்லை என்று 2021இல் அதே ஆணைக்குழு ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. நூறு வருடம் கழிந்த மன்னிப்பு. அதைக் கேட்க அந்தத் தாய்மாரில் ஒருவரும் உயிரோடு இல்லை.

எங்கள் யுத்தத்துக்கு வருவோம். 2006 முதல் 2009 வரையான கடைசிக் கட்டத்தில் மட்டும் 6,261 படையினர் இறந்ததாக அரசாங்கம் அறிவித்தது. ஆயுதம் தூக்காமலே செத்துப்போன பொதுமக்களின் தொகையில் இன்றுவரை உடன்பாடு இல்லை. பிள்ளைகளைப் புதைத்த துயிலும் இல்லங்கள் இடித்து நிரவப்பட்டன. கிளிநொச்சி கனகபுரத்தில் 2016 கார்த்திகையில் தாய்மார் மறுபடி கூடி விளக்கேற்றினார்கள். உடைந்த கல்லில் தன் பிள்ளையின் பெயர்த் துண்டைத் தேடிய தாயின் மனதை யாருக்குச் சொல்லி விளங்கவைப்பது?

காணாமற்போனோர் பற்றி விசாரித்த ஜனாதிபதி ஆணைக்குழுவுக்கு வந்த முறைப்பாடுகளில் ஏறத்தாழ 5,000 படையினருடைய குடும்பங்கள் கொடுத்தவை. நங்கியின் தாயைப் போன்ற எத்தனையோ பேர் அதற்குள் இருப்பார்கள். நாங்கள் மட்டும்தான் தேடுகிறோம் என்று நான் நினைத்திருந்தது எவ்வளவு அறியாமை!

நாங்கள் இருவரும் படியில் உட்கார்ந்தோம். பெயர் தெரியாதவர் ஒருவருடைய கல்லைக் காட்டி நங்கி சொன்னாள்: "இது யாருடைய அண்ணனோ, அக்கே. ஆனாலும் இவருக்கும் ஒருவர் தண்ணீர் ஊற்றுகிறார்."

அன்பான சகோதரிகளே, என் அம்மா சாகும்வரை மரணச் சான்றிதழுக்குக் கையெழுத்து வைக்கவில்லை. "என் பிள்ளையை நானே சாகடிப்பதா?" என்பார். இறந்துவிட்டார் என்று சொல்லாமல், காணவில்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் எடுக்க 2016இல் சட்டம் வந்தது. காணியைத் தற்காலிகமாகப் பராமரிக்கவும், பிள்ளைகளின் அலுவல்களைப் பார்க்கவும் அது உதவும். அதை எடுத்தால் தேடுவதை விட்டுவிட்டோம் என்று அர்த்தமில்லை. தெரியாமல் இருப்பவர்களுக்குச் சொல்லுங்கள்.

அன்று இரவு ஒரு கொப்பியை எடுத்து என் தம்பியின் முழுப் பெயரையும், பிறந்த திகதியையும், கடைசியாகப் பார்த்த இடத்தையும் எழுதினேன். அதன் கீழே அம்மாவின் பெயரையும் அப்பாவின் பெயரையும் எழுதினேன். இறந்த திகதிக்குரிய இடத்தை வெறுமையாக விட்டேன். மறுநாள் காலையில் கொப்பியை நங்கியிடம் காட்டினேன். அவள் அடுத்த பக்கத்தைத் திருப்பி, தன் அண்ணனுடைய பெயரைச் சிங்களத்தில் எழுதினாள்.

எங்களுக்குக் கல் கிடைக்குமோ தெரியாது. பெயரை எழுதி வைப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.