சைலத்திலிருந்து அசலத்துக்கு

சேலத்தில் விருத்தாசலம் ரயிலேறுகிறவரின் பயணச்சீட்டிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. 'சைலம்' என்றால் மலை. அதுதான் சேலம் ஆயிற்று என்பது ஒரு சாரார் கட்சி. 'அசலம்' என்றாலும் மலைதான். மலையில் ஏறி மலையில் இறங்க, சமவெளியில் ஏறத்தாழ 140 கிலோமீட்டர் ஓடுகிறது ரயில்.

சேலம் என்ற பெயருக்குச் சேரனைக் காரணம் காட்டுவோர் உண்டு. நெசவாளரான சாலியரைக் காட்டுவோரும் உண்டு. சேர்வராயன், கஞ்சமலை, நகரமலை, ஜருகுமலை என நாலாபுறமும் மலை நிற்கும்போது மலைக் கட்சிக்குத்தான் வலு அதிகம். அமெரிக்காவிலும் ஒரு சேலம் இருக்கிறதே என்றால், அது விவிலிய வழி வந்த பெயர். காதுக்குத்தான் உறவு.

மூலம் எதுவானால் என்ன, பெயர் நன்றாகவே உழைக்கிறது. உருக்காலைக்குச் சேலம், எவர்சில்வர் தகட்டுக்குச் சேலம், மாம்பழத்துக்குச் சேலம், பட்டுக்குச் சேலம். 2023-இல் ஜவ்வரிசியும் 'சேலம் ஜவ்வரிசி' என்றே புவிசார் குறியீடு வாங்கியது. பாடகி ஜெயலட்சுமி 'சேலம் எஸ். ஜெயலட்சுமி' என்றுதான் மேடையேறினார்.

சந்திப்பைத் தாண்டினால் சேலம் மார்க்கெட், பிறகு சேலம் டவுன். மூன்று சேலம் முடிந்தபின் அயோத்தியாபட்டணம். பட்டாபிஷேகத்துக்கு நாளாகிவிட்டதென்று ராமன் இங்கேயே முடிசூடிக்கொண்டான் என்பது ஊர்க்கதை.

அடுத்து வாழப்பாடி. இங்கே பெயர் ஓர் ஆளின்மேல் முழுசாகவே ஏறிக்கொண்டது. 1998-இல் மத்திய பெட்ரோலியத் துறை அமைச்சரான ராமமூர்த்தியைக் கட்சிக்காரர்கள் 'வாழப்பாடியார்' என்றார்கள். பலருக்கு இயற்பெயரே தேவைப்படவில்லை. இதே மாவட்டத்தின் இன்னொரு ஊர்க்காரர் முதலமைச்சராகி, வெறும் 'எடப்பாடி'யாகவே பேச்சில் நடமாடுகிறார். ஆளைப் பெயர்சொல்லி அழைப்பது மரியாதைக் குறைவு, ஊரைச் சொன்னால் குற்றமில்லை என்ற தமிழ் வழக்கம் அரசியலுக்கு நன்றாகவே பொருந்திப்போனது.

வசிஷ்ட நதிக்கரையில் ஆத்தூர். ஆறு இருக்கும் இடமெல்லாம் ஆத்தூர் முளைக்கும். சட்டமன்றத்திலேயே சேலத்துக்கு ஒன்று, திண்டுக்கல்லுக்கு ஒன்று. காய்கறிச் சந்தைக்குப் பேர்போன தலைவாசலைக் கடந்தால் சேலம் மாவட்டம் முடிகிறது. முடிந்தபிறகு வருகிறது நான்காவது சேலம்.

சின்னசேலம்.

வடக்கே கல்வராயன் மலை நீலமாகத் தெரியும். இங்கும் ஆத்தூர்ப் பக்கம் போலவே குச்சிக்கிழங்கு, சேகோ ஆலை. பெயரும் தொழிலும் சேலத்தோடு ஒட்டிக்கொண்டிருக்க, அரசு ஆவணத்தில் மட்டும் ஊர் வேறு திசையில் நகர்ந்தது: தென்னாற்காடு, 1993-இல் விழுப்புரம், 2019-இல் கள்ளக்குறிச்சி. மாவட்டத்தின் பெயர் இரண்டு முறை மாறியும், பக்கத்து மாவட்டத் தலைநகரின் பெயரை ஊர் விடவில்லை. 'சின்ன' என்ற அடைமொழியில் சிறுமை ஏதுமில்லை. சின்னக் காஞ்சிபுரத்துக்காரர் யாரும் அதற்காக வெட்கப்பட்டதில்லையே.

அங்கிருந்து முகாசாபரூர் வழியாக விருத்தாசலம். இறங்கி மலையைத் தேடினால் கிடைக்காது. பழைய மலை பூமிக்குள் அமிழ்ந்துபோனது என்கிறது கோயில் கதை. திருமுதுகுன்றம் என்ற தமிழ்ப்பெயர் தேவாரத்தில் இருக்கிறது. வடமொழிப் பெயர் ரயில் நிலையப் பலகையில் இருக்கிறது. சுவாமிக்குப் பழமலைநாதர், விருத்தகிரீஸ்வரர் என இரண்டும் உண்டு. 2006-இல் இந்தத் தொகுதியில் வென்ற விஜயகாந்த், 2010-இல் தாமே இயக்கிய படத்துக்கு வைத்த பெயர் 'விருதகிரி'. கண்ணுக்குத் தெரியாத மலை திரைக்கு வந்துவிட்டது.

பழமலை, விருத்தாசலம், விருத்தாம்பாள் என்று இந்தப் பக்கத்தில் பிள்ளைகளுக்குப் பெயரிடுவது பழைய வழக்கம். கடலூரையொட்டிய திருப்பாதிரிப்புலியூரில் 1906-இல் பிறந்த ஒரு திருநெல்வேலிக் குடும்பத்துப் பிள்ளைக்கும் விருத்தாசலம் என்றே பெயர் வைத்தார்கள். பிள்ளை வளர்ந்து கதை எழுதியது. அச்சில் வந்த பெயர், புதுமைப்பித்தன்.