தப்பின குறி



கிறிஸ்துமஸுக்கு மறுநாள் விடியுமுன் நம் போதகர் எங்கே போகிறார் என்று உங்களில் சிலர் பேசிக்கொள்வது என் காதில் விழுந்திருக்கிறது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை. மான் வேட்டைக்குப் போகிறேன். நாம் பிறந்து வளர்ந்த தேசத்தில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது குற்றம். நாம் குடியேறியிருக்கும் இந்தப் பென்சில்வேனியாவிலோ, அரசே உரிமச்சீட்டு கொடுத்து, நாள் குறித்து, இத்தனை மான் என்று வரம்பு வைத்து அனுப்புகிறது. மான்கள் பெருகிப் பயிரையும் இளமரக் கன்றுகளையும் மேய்ந்து தீர்ப்பது அதற்கு ஒரு காரணம். புசிக்கத்தகுந்த மிருகங்களின் வரிசையில் உபாகமம் 14ஆம் அதிகாரம் மானையும் சேர்த்திருக்கிறது. ஆகையால் வேட்டை என்பதற்காக என் மனச்சாட்சி என்னைக் குத்தவில்லை. அது குத்தியது வேறோர் இடத்தில். அதையே இன்று எழுதுகிறேன்.

டிசம்பர் 26இல் தொடங்கும் இந்தப் பருவத்தில், மாநிலத்தின் பெரும்பாலான பகுதிகளில், துப்பாக்கி என்றால் சக்கிமுக்கிக் கல்லால் தீப்பற்றும் பழைய வகை மட்டுமே அனுமதி. நம் மலைப்பக்கத்தில் 'நாட்டுத் துப்பாக்கி' என்பார்களே, அதற்கு உறவுமுறைதான். குழலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, மசகு தடவிய துணித்துண்டில் ஈயக் குண்டைப் பொதிந்து, கோலால் கிட்டித்து இறக்க வேண்டும். பக்கத்துச் சிறு கிண்ணியில் நுண்மருந்து இட வேண்டும். விசையை இழுத்தால் கல் இரும்பில் உரசிப் பொறி விழும். கிண்ணியில் இருப்பது குப்பென்று எரியும். அந்த நெருப்பு ஒரு சிறு துளை வழியே உள்ளே சென்று மருந்தைப் பற்றிய பின்னரே குண்டு புறப்படும். ஒரே ஒரு வெடி. மறுபடி நிரப்புவதற்குள் மான் அடுத்த பண்ணைக்குப் போய்விடும். லங்காஸ்டர் பகுதியில் குடியேறிய ஜெர்மானிய, சுவிஸ் கைவினைஞர்கள் 18ஆம் நூற்றாண்டில் செய்த நீள்குழல் துப்பாக்கியே இதன் மூதாதை. பிற்காலத்தில் அதற்குக் 'கென்டக்கி ரைஃபிள்' என்று பெயர் நிலைத்துவிட்டது. உழைத்தது ஓர் ஊர், பெயர் பெற்றது வேறோர் ஊர். சபை வேலைகளில் இது நமக்குப் புதிதல்லவே!

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இப்படியொரு துப்பாக்கியைப் பழைய விலைக்கு வாங்கினேன். திடலில் பத்து வெடிகூட வெடித்துப் பார்க்கவில்லை. அட்டையில் ஒரு குண்டு இங்கே, ஒன்று அங்கே என்று விழுந்தது. 'மான் பெரிய உருவந்தானே' என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு காட்டுக்குப் போனேன். ஏறக்குறைய 90 கெஜத் தூரத்தில் ஒரு பெண்மான் நின்றது. சுட்டேன். புகை விலகியபோது மான் இல்லை. பனியின்மேல் கொஞ்சம் மயிரும், நாலைந்து துளி இரத்தமும் கிடந்தன. இருட்டும்வரை தடம் பார்த்துப் போனேன். மறுநாள் விடிந்ததும் திரும்பப் போனேன். ஓடைக்கரையோடு தடம் முடிந்துவிட்டது. அந்த மான் அன்றிரவு எங்கே படுத்தது, எத்தனை நாள் உயிரோடிருந்தது என்பதைக் கர்த்தர் ஒருவரே அறிவார். அடுத்த ஞாயிறு நான் பிரசங்கிக்க வேண்டியிருந்த பகுதி மத்தேயு 10ஆம் அதிகாரம். ஓர் அடைக்கலான் குருவியும் பிதாவுக்குத் தெரியாமல் தரையில் விழாது என்ற பகுதி. அன்று எனக்குத் தொண்டை கட்டியிருந்ததாகச் சிலர் விசாரித்தீர்கள். தொண்டையில் ஒன்றுமில்லை.

வசந்தகாலம் வந்ததும், அறுபது ஆண்டுகளாக வேட்டையாடிவரும் பக்கத்துப் பண்ணைப் பெரியவரிடம் துப்பாக்கியைக் கொண்டுபோய்க் கொடுத்து, "இதில் என்ன கோளாறு, பாருங்கள்" என்றேன். குழலுக்குள் ஒரு கோலை மெல்ல இறக்கி, அது திரும்புவதைக் கவனித்துவிட்டுச் சிரித்தார். "பாஸ்டர், துப்பாக்கியில் கோளாறில்லை. நீங்கள் போடும் குண்டுக்கு இது செய்யப்படவில்லை, அவ்வளவுதான்" என்றார். குண்டைச் சுழற்றி அனுப்புவதற்காகக் குழலின் உட்சுவரில் முறுக்காக வரி வெட்டியிருப்பார்கள். என் குழலில் அது 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று. நீளமான குண்டுக்கு உரிய வேகமான முறுக்கு. துணியில் பொதிந்த உருண்டைக் குண்டு மருந்து கூடும்போது அந்த வரியைப் பற்றாமல் வழுக்கிவிடும். உருண்டைக்கு 66 அங்குலத்துக்கு ஒரு சுற்றுப்போல நிதானமான முறுக்கு வேண்டும். அப்படிப்பட்ட தம்முடைய பழைய துப்பாக்கி ஒன்றையே எனக்குக் குறைந்த விலைக்குக் கொடுத்தார்.

அதன்பின் மருந்தின் அளவைக் கண்டுபிடிக்கும் வேலை தொடங்கியது. இதற்கு ஒரு கோடை முழுவதும் போயிற்று. பெரியவர் இட்ட கட்டளை ஒன்றே: ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று. 50 கிரெயின் மருந்தில் ஆரம்பித்து ஐந்து ஐந்தாக ஏற்ற வேண்டும். ஒவ்வோர் அளவுக்கும் ஐந்து வெடி. ஒவ்வொரு வெடிக்குப் பின்னும் ஈரத்துணியால் குழலைத் துடைக்க வேண்டும். மருந்தை மாற்றும் நாளில் துணியை மாற்றக்கூடாது. துணியை மாற்றும் நாளில் மசகில் கைவைக்கக்கூடாது. எனக்கோ பொறுமையில்லை. ஒருநாள் அவர் வராதபோது மூன்றையும் சேர்த்து மாற்றிவிட்டேன். குண்டுகள் அட்டை முழுவதும் சிதறின. எதனால் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அன்று மாலை வீடு திரும்பும்போது நம் சபையை நினைத்துக்கொண்டேன். ஆராதனை நேரத்தையும், பாடல்களின் மொழியையும், ஓய்வுநாள் பள்ளியின் ஒழுங்கையும் ஒரே மாதத்தில் மாற்றினேன். அந்த ஆண்டில் மூன்று குடும்பங்கள் நம்மைவிட்டுப் போயின. நிர்வாகக் குழுவில் ஒவ்வொருவர் ஒவ்வொரு காரணம் சொன்னார்கள். நானும் ஒன்று சொன்னேன், அதுவும் மிகுந்த உறுதியோடு. உண்மையில் எதனால் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியை நானே அடைத்துவிட்டேன்.

துணியைப் பற்றி ஒரு வார்த்தை. குழலின் விட்டம் அரை அங்குலம். குண்டின் விட்டம் 0.490 அங்குலம். இடையிலுள்ள அந்தச் சொற்ப வெளியை நிரப்புவது துணி. வெடித்தபின் அது சில கெஜம் தள்ளிப் புல்லில் விழுந்து கிடக்கும். பெரியவர் அட்டையைப் பார்க்குமுன் குனிந்து அதைத்தான் பொறுக்குவார். என் துணிகள் நடுவில் கருகி ஓட்டையாயிருந்தன. நெருப்பு குண்டைச் சுற்றி முந்திக்கொண்டு ஓடுகிறது என்று அதற்கு அர்த்தம். 0.010 அங்குலத் துணியை விட்டு 0.018 அங்குலக் கெட்டித் துணிக்கு மாறினோம். ஓட்டை நின்றது. 65 கிரெயினில் குண்டுகள் நெருங்கின. 80க்கு ஏற்றியபோது மறுபடி விலகின. அதிக மருந்தே அதிக பலன் என்று நினைத்திருந்த எனக்கு இது வியப்பாயிருந்தது.

இத்தனைக்கும் பிறகு ஐந்தில் ஒன்றாவது கீழே தள்ளிப் போய்க்கொண்டேயிருந்தது. கல்லைக் குறை சொன்னேன்; காற்றைக் குறை சொன்னேன். பெரியவர் ஒன்றும் பேசாமல், நான் பாராதபடி துப்பாக்கியை நிரப்பி என் கையில் கொடுத்தார். விசையை இழுத்தேன். கிண்ணி எரிந்தது, வெடிக்கவில்லை. அவர் உள்ளே மருந்தே இடவில்லை. ஆனால் கண்ணெதிரே பளிச்சென்று நெருப்பு எழுந்த அந்தக் கணத்தில், குழல்வாய் நாலு விரற்கடை கீழே தாழ்ந்ததை நானும் கண்டேன், அவரும் கண்டார். என் கண்கள் மூடிக்கொண்டிருந்திருக்கின்றன, தோள் சுருங்கியிருக்கிறது. நாலு மாதமாக நான் தேடிய கோளாறு துப்பாக்கியின் மரக்கட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது.

நியாயாதிபதிகள் 20:16இல் பென்யமீனரின் எழுநூறு இடதுகைக் கவண்காரரைப் பற்றி வாசிக்கிறோம். மயிரிழைகூடக் குறி தப்பாதவர்கள். அங்கே 'தப்புதல்' என்பதற்கு எபிரெயத்தில் வரும் வேர்ச்சொல்லே மற்ற இடங்களில் பாவத்தைக் குறிக்கும் என்று வேதாகமக் கல்லூரியில் படித்தேன். பல பிரசங்கங்களில் அதைச் சொல்லியும் இருக்கிறேன். எபிரெயம் வரை போக வேண்டியதே இல்லை. குறி தப்பியது என்கிறோம். செய்தது தப்பு என்கிறோம். தமிழ் இரண்டையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது. அதை வாயால் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, அந்தத் திடலில், கையில் வெடிக்காத துப்பாக்கியோடு நின்றபோதுதான் முகம் சிவந்தது.

கல் இருக்கும் இடத்தில் ஒரு மரத்துண்டைச் செருகி, தினமும் காலை ஜெபத்துக்குப் பின் வாகனக் கொட்டகையில் இருபது தடவை வெறுமனே விசை இழுத்துப் பழகினேன். என் மனைவி, "இதற்கும் உபவாசம் உண்டா?" என்று கேட்டாள். அக்டோபரில் 50 கெஜத்தில் ஐந்து குண்டுகளும் ஓர் உள்ளங்கைக்குள் விழுந்தன. நடுப்புள்ளிக்கு இடப்பக்கமாகத்தான். பெரியவர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. பின்குறியைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி நகர்த்தினார், முடிந்தது. சிதறலுக்குத்தான் அப்படி ஒரு தட்டில் தீர்வு கிடையாது என்றார்.

அவரிடம் ஒரு பொருத்தனை செய்தேன்: 50 கெஜத்துக்கு அப்பால் சுடுவதில்லை. சென்ற டிசம்பர் 26 அன்று காலையில் ஒரு பெண்மான் 80 கெஜத்தில் பக்கவாட்டில் திரும்பி வெகுநேரம் நின்றது. எண்ணிக்கொண்டே இருந்தேன், அது நெருங்கி வரவில்லை. போகவிட்டேன். ஜனவரியில் ஒரு மாலை, 35 கெஜத்தில் இன்னொன்று வந்தது. நெருப்பு எழுந்தபோது என் கண் திறந்திருந்தது. மான் முப்பது அடிகூடப் போகவில்லை. லேவியராகமம் 17:13 சொல்லுகிறபடி இரத்தத்தை மண்ணால் மூடினேன். இறைச்சியில் பாதியை, வேட்டையாடுவோர் கொடுப்பதைப் பசித்தவர்களுக்குச் சேர்க்கும் 'ஹன்டர்ஸ் ஷேரிங் த ஹார்வெஸ்ட்' அமைப்புக்காக வெட்டித்தரும் கசாப்புக்காரரிடம் ஒப்படைத்தேன். மீதியைத்தான் நம் ஐக்கிய விருந்தில் மிளகு வறுவலாகச் சாப்பிட்டீர்கள்.

மானை இழுத்துக்கொண்டு வந்த வழி அந்த ஓடைக்கரை வழிதான். பனி புதிதாகப் பெய்திருந்தது. கொஞ்ச நேரம் அங்கே நின்றேன்.