அப்பாவின் நம்பர்

நேயர்களே, உங்களை ஒரு கேள்வி கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் ஈமெயில் கணக்கின் பாஸ்வேர்டு உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? "எனக்கெதற்கு? அது ஃபோனுக்குத் தெரியும்" என்றுதானே சொல்கிறீர்கள்? நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், சென்ற மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை சைதாப்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கும் வரையில்.

இறங்கினேன். கைப்பையைத் துழாவினேன். டிபன் பாக்ஸ் இருந்தது, குடை இருந்தது, குறிப்புப் புத்தகம் இருந்தது. ஃபோன் இல்லை!

போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்தேன். 'சஞ்சார் சாத்தி' என்ற அரசாங்க வலைத்தளத்தில் விவரம் கொடுத்தால் களவு போன ஃபோனை முடக்கிவிடலாம் என்றார்கள், அதையும் செய்தேன். சாயங்காலத்துக்குள் புது ஃபோன், பழைய நம்பரிலேயே புது சிம் எல்லாம் வந்துவிட்டன. "இதற்குப் போய் காலையில் அப்படி அழுதாயே!" என்றார் என் கணவர். எனக்கே வெட்கமாக இருந்தது.

உண்மையான அழுகை ராத்திரிக்குக் காத்திருந்தது.

புது ஃபோனில் ஈமெயிலைத் திறக்கப் போனேன். பாஸ்வேர்டு கேட்டது. பையன் பிறந்த தேதியை அடித்தேன்; இல்லை என்றது. வீட்டுப் பெயரை அடித்தேன், இல்லை. குலதெய்வத்தைக் கூட விடவில்லை. நாலாம் தரம் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு, 'நீங்கள்தான் நீங்கள் என்று நிரூபியுங்கள்' என்றது. எப்படி நிரூபிக்கலாம் என்று அதுவே வழிகளையும் சொல்லிற்று. முதல் வழி, உங்கள் பழைய ஃபோனில் 'ஆம்' என்று அழுத்துங்கள். அந்தப் புண்ணியவான் எங்கே அழுத்திக்கொண்டிருக்கிறானோ! இரண்டாவது, உங்கள் இன்னொரு ஈமெயிலுக்கு அனுப்பும் எண்ணைச் சொல்லுங்கள். அது நான் படித்த கல்லூரி கொடுத்த விலாசம். படிப்பு முடிந்ததும் மூடிவிட்டார்கள். மூன்றாவது, நீங்கள் பதிவு செய்திருக்கும் மொபைல் நம்பருக்கு ஓடிபி அனுப்புகிறோம். எல்லாம் நட்சத்திரப் புள்ளியாக மறைத்து, கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் காட்டிற்று.

அது என் நம்பர் இல்லை. அப்பாவின் நம்பர்.

2009-ல் கல்லூரி விடுதியில் இருந்துகொண்டு அந்தக் கணக்கைத் திறந்தபோது எனக்கென்று ஃபோன் கிடையாது. அப்பாவின் நம்பரைக் கொடுத்தேன். பிறகு அதை மாற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை. அப்பா 2021-ல் காலமானார். அவருடைய ஃபோன் கும்பகோணத்தில் அம்மாவின் பீரோவில், அவருடைய கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. யாரும் ரீசார்ஜ் செய்யவில்லை. 90 நாள் உபயோகம் இல்லாத பிரீபெய்டு நம்பரைத் துண்டித்துவிடலாம், அதற்குப் பிறகு இன்னொரு 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பது இப்போதுதான் எனக்குத் தெரியும். டிராய் இதை 2023-ல் சுப்ரீம் கோர்ட்டிலேயே சொல்லியிருக்கிறது. பத்திரிகைக்காரி, செய்தியாக அதைப் படித்தும் இருப்பேன். நம் வீட்டுப் பீரோவைப் பற்றிய செய்தி என்று அப்போது தெரியவில்லை.

அந்தக் கணக்கில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? வருமான வரிக் காகிதம், பையனின் போட்டோக்கள் எல்லாம் இருக்கட்டும். நான் டில்லியில் வேலை பார்த்த ஐந்து வருஷமும் அப்பா எழுதிய கடிதங்கள் அதில் இருந்தன. தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டையர் ஆனவர், அறுபது வயதுக்கு மேல் ஒற்றை விரலால் தமிழ் டைப் அடிக்கக் கற்றுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எழுதுவார். ஈமெயிலானால் என்ன? 'இவ்விடம் யாவரும் க்ஷேமம்' என்றுதான் ஆரம்பிப்பார்.

மறுநாள் காலை, யாருக்கும் சொல்லாமல், அந்த நம்பரைக் கூப்பிட்டேன். மணி அடித்தது! வயிற்றில் ஏதோ புரண்டது.

"யாரு பேசுதது?" என்றது ஒரு பெண் குரல். தென்காசிப் பக்கமாம். நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். "உங்களுக்கு ஒரு நம்பர் வரும்மா, அதை மட்டும் சொன்னால் போதும்" என்று சொல்லி முடிக்கும்போதே எனக்கு நாக்கு கூசிற்று. திருடர்கள் இதே வார்த்தைகளைத்தானே சொல்கிறார்கள்!

"தப்பா நெனைக்காதீங்கக்கா. ஓடிபி யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு டிவியில சொல்லுதாவ. எங்க வீட்ல அவங்களும் சொல்லியிருக்காவ" என்றாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. எத்தனை கட்டுரையில் நானே அதை எழுதியிருக்கிறேன்! "நீ சொல்வதுதான் சரி, அம்மா" என்று வைக்கப் போனேன். அவள்தான் விடவில்லை. "அந்தப் பெரியவரு ஒங்க அப்பாவாக்கா? இந்த நம்பர் வாங்குன புதுசுல ரொம்பப் பேரு கூப்பிடுவாவ. 'சாரு இருக்காரா'ன்னு கேப்பாவ. அந்த நம்பர் மாறிட்டுன்னு சொல்லிருவேன். ஒரு பெரியவரு மட்டும் தீவாளிக்குத் தீவாளி கூப்பிடுதாரு" என்றாள்.

ஃபோனை வைத்துவிட்டு வெகு நேரம் சமையலறையிலேயே நின்றுகொண்டிருந்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

அதே நாள் செய்த இன்னொரு அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனியின் 'கஸ்டமர் கேர்' நம்பரை வலையில் தேடினேன். ஒன்று அகப்பட்டது. எதிர்முனையில் ஓர் ஆசாமி தேன் சொட்டப் பேசி, "ஒரு ஆப் அனுப்புகிறேன், மேடம், இறக்கிக்கொண்டு பத்து ரூபாய் கட்டுங்கள்" என்றான். நல்ல வேளை, பத்து ரூபாய் என்றதும் புத்தி வந்துவிட்டது. இலவசமாக ஈமெயில் தரும் கம்பெனிகள் நமக்காக ஃபோன் பக்கத்தில் ஆள் வைத்துக் காத்திருப்பதில்லை, நேயர்களே. அப்படி யாராவது அகப்பட்டால் அவனை நம்பாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-ஐக் கூப்பிடுங்கள்.

கடைசியில் வழி காட்டியவன் எங்கள் காரியாலயத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் பையன். "முதல்ல முட்டறதை நிறுத்துங்க, மேடம். ஒரே நாள்ல இருபது தரம் முட்டினா திருடன்னே முடிவு கட்டிடும்" என்றான். "நீங்க முன்னாடி வழக்கமா திறந்த கம்ப்யூட்டர் ஏதாவது இருக்கா? அதே இடம், அதே இன்டர்நெட்?"

இருந்தது! கும்பகோணத்தில் அப்பாவின் கம்ப்யூட்டர், அம்மா போட்ட பூவேலை உறையின் கீழே. போகும் போதெல்லாம் அதில்தான் ஈமெயில் பார்ப்பேன். பொங்கலுக்குக் கூட, ஃபோனில் இருந்த பாஸ்வேர்டைப் பார்த்துப் பார்த்து அடித்துத் திறந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ரயில் ஏறினேன். சங்கதியைக் கேட்ட அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "பாங்க்ல பாஸ்புக் தொலைஞ்சா மேனேஜரைப் பார்த்து எழுதிக் கொடுத்தா ஆச்சு. இதுக்கு மேனேஜர் யாருடி?" என்றாள். அம்மா கேட்டது அசட்டுக் கேள்வி இல்லை. 2009-லிருந்து என் வாழ்க்கையில் பாதி அங்கே கிடக்கிறது. நேரில் போய் முகத்தைக் காட்ட ஒரு மேஜை கிடையாது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

கம்ப்யூட்டரை உயிர்ப்பித்தேன். இந்தத் தடவை கேள்வியே வேறு தினுசாக வந்தது: 'உங்களுக்கு ஞாபகம் இருக்கும் பழைய பாஸ்வேர்டு எதுவானாலும் கொடுங்கள்.' டில்லியில் குடியிருந்த வீட்டு நம்பரையும் தெருப் பெயரையும் சேர்த்து அடித்தேன். ஏற்றுக்கொண்டது! தொடர்புக்கு ஒரு விலாசம் கேட்டது; கணவருடையதைக் கொடுத்தேன். 48 மணி நேரம் பரிசீலித்துப் பதில் அனுப்புவதாகச் சொல்லிற்று.

"ரெண்டு நாள்தானே, இருந்துட்டுப் போயேன்" என்றாள் அம்மா. அவள் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தைப் பார்த்து, கம்பெனி நாலு நாள் எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை என்று தோன்றிவிட்டது. ஆபீஸுக்கு லீவு சொன்னேன்.

திங்கட்கிழமை மத்தியானம் கணவர் கூப்பிட்டார். இணைப்பு வந்துவிட்டது. அதைத் திறந்து, புதுப் பாஸ்வேர்டு போட்டு... அடாடா, எல்லாம் அப்படியே இருந்தன! அம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அகப்பட்ட முதல் கடிதத்தைப் படித்தேன். மழை பெய்தது, மகாமகக் குளத்தில் தண்ணீர் வந்தது என்று எழுதிவிட்டு, கடைசியில், 'உன் அம்மாவுக்கு முழங்கால் வலி. கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டாள். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாமல் நீயாக டாக்டரிடம் போகச் சொல்' என்று இருந்தது.

"அதனாலதான் அன்னிக்கு நீ கூப்பிட்டியா?" என்றாள் அம்மா.

சாயங்காலம் பையன் சொல்லி அனுப்பியபடி காவல் வேலைகளை எல்லாம் செய்தேன். அவசரத்துக்கென்று அந்தக் கணக்கு பத்து எண்களைத் தருகிறது. ஃபோனே இல்லாவிட்டாலும் ஒவ்வொன்றும் ஒரு தரம் கதவைத் திறக்கும். அவற்றைக் கம்ப்யூட்டரில் வைக்காமல் தாளில் எழுதி, ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டைக் கொண்டுவந்த பெர்னாண்டோ கோர்பட்டோவே, பிற்காலத்தில் தம் பாஸ்வேர்டுகளைத் தாளில் குறித்து வைத்திருந்ததை ஒப்புக்கொண்டவர்தான்! நீங்களும் இன்றைக்கே, அடுப்பை அணைத்த கையோடு, உங்கள் கணக்கில் யாருடைய நம்பர் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

என் நம்பரைச் சேர்த்தேன். கணவருடையதையும் சேர்த்தேன். பழைய நம்பருக்கு எதிரே, 'நீக்கிவிடலாமா?' என்று கேட்டது. விரலை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"அது இப்போ அந்தத் தென்காசிப் பொண்ணு நம்பர்தானேடி" என்றாள் அம்மா.

நீக்கினேன்.

"சரி, அடுத்த கடிதாசைப் படி" என்றாள்.