மெத்தென்ற தளம்

அப்பாவின் படகில் ஏறியதும் என் வலது கால் அரை அங்குலம் கீழே போனது. பழைய மெத்தைமேல் நிற்பதுபோல் இருந்தது.

"ப்பா, இங்க மெத்து மெத்துன்னு இருக்கே."

"எங்கடா?" அதே இடத்தில் வந்து வெறுங்காலோடு இரண்டு முறை அழுத்தி மிதித்தார். "ஒன்னும் இல்லையே. நல்லாத்தானே இருக்கு."

சமாளிக்கிறார் என்றுதான் நினைத்தேன். பாகான் டத்தோவில் தென்னந்தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் சேமநிதிப் பணத்தில் வாங்கிய 16 அடி படகு அது. வாங்கும்போதே அதற்கு வயது இருபது. பேராக் ஆற்று முகத்துவாரத்தில் கெளுத்தியும் சியாக்காப்பும் பிடிக்க அது போதும் என்பார். "ஃபைபர் மக்காதுடா" என்பது அவருடைய ஒரே வாதம்.

பாதி உண்மை. ஃபைபர் மக்காது. ஆனால் நாம் மிதிக்கும் தளம் மெல்லிய ஃபைபர் போர்த்திய பிளைவுட். இருக்கையைப் பொருத்த யாரோ துளைத்த திருகாணி ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. இதில் கடலுக்குப் பங்கு குறைவு. உப்பு, மரத்தைத் தின்னும் பூஞ்சையை ஓரளவு தடுத்துவிடும். மூடாமல் கரையில் கிடக்கும் படகுக்கு எமன் மழைத்தண்ணீர்தான்.

சுத்தியல் பிடியால் தளம் முழுக்கத் தட்டினேன். நல்ல இடம் 'டக்' என்றது. கெட்ட இடம் 'தொப்' என்றது. கெட்ட இடங்களை மார்க்கரால் சுழித்துக்கொண்டே போனதில் முக்கால் படகு வட்டத்துக்குள் வந்துவிட்டது.

ஓரத்தில் இரண்டு அங்குலம் விட்டு, கீழே உள்ள கட்டைகளில் படாதபடி ரம்பத்தின் ஆழத்தைக் குறைத்து வைத்து அறுத்தோம். பலகை கேக் மாதிரி பிய்ந்து வந்தது. அடியில் இருந்த நுரை தண்ணீர் குடித்துக் கல்லாகக் கனத்தது. தண்ணீர் வழிய விட்டிருந்த துளைகளை முழுக்கச் சேறு அடைத்திருந்தது. நல்லவேளை, நீளவாட்டுக் கட்டைகள் கெட்டியாக இருந்தன.

புதிதாக 12 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட். பொருத்துவதற்கு முன்பே அடிப்பக்கத்துக்கும் விளிம்புகளுக்கும் ரெசின் பூச வேண்டும். பழைய தளத்தில் அதைத்தான் செய்யாமல் விட்டிருந்தார்கள். பல்கலைக்கழகத்தில் கூட்டுப்பொருள்கள் பாடத்தில் 'ஏ' வாங்கியவன் நான். ரெசினில் 2 சதவீதம் ஹார்டனர் கலந்தேன். நடுப்பகல் வெயிலில், தூரிகையை எடுப்பதற்குள் டின் சூடாகிப் புகைந்து இறுகிப்போனது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த டின்னை நிழலுக்குக் கொண்டுபோய்ப் பாதி அளவுதான் ஊற்றினார். "சாந்துன்னு நெனச்சிக்கடா. வெயிலப் பாத்துதான் கலக்கணும்."

பலகையைப் பொருத்திய மாலை. ஃபைபர் பாயை விரிக்கப் போனபோது புதுப் பலகையில் சிவப்பாகக் கறைகள் தெரிந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. கால் தடங்கள்.

"ப்பா, கால்ல ரத்தம்!"

"எனக்கா?" குனிந்து பார்த்தார். உள்ளங்காலில் ஒரு பழைய திருகாணி தலைவரை இறங்கியிருந்தது. எப்போது குத்தியது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. வலிக்குதா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்லடா" என்றார்.

அப்போதுதான் முதல்நாள் மிதித்துக் காட்டியது நினைவுக்கு வந்தது. அவர் சமாளிக்கவில்லை. தளம் மெத்தென்று இருந்தது அவர் காலுக்குத் தெரியவே இல்லை. பன்னிரண்டு வருடமாக இனிப்பு நீர். மாதம் ஒருமுறை ஃபோனில் "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்பதோடு என் கடமை முடிந்துவிடும்.

கிளினிக்கில் தாதி ஒரு மெல்லிய நைலான் இழையை உள்ளங்காலில் அது வளையும்வரை அழுத்தினார். கண்ணை மூடிக்கொண்டு, பட்டால் சொல்ல வேண்டும். "தூண்டி நூல் மாதிரியே இருக்கு" என்று சிரித்தபடி அப்பா கண்ணை மூடினார். தாதி பத்து இடங்களில் அழுத்தினார். மூன்று இடங்களில் மட்டும் "ம்" என்றார்.

தளத்தை அடுத்த வாரம் முடித்தேன். இரண்டு அடுக்குப் பாய், மேலே வழுக்காத பெயின்ட். பழைய திருகாணிகள் எல்லாவற்றையும் எண்ணி ஒரு மைலோ டின்னில் போட்டு மூடினேன். அப்பா இப்போது ரப்பர் காலணியோடுதான் ஏறுகிறார். எனக்காகத்தான் போடுகிறார் என்று தெரியும்.

வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் முதலில் தளத்தைத் தட்டிப் பார்க்கிறேன். அப்புறம் அவரை உட்காரவைத்து, காலைத் தூக்கி என் மடியில் வைத்துப் பார்க்கிறேன். கூச்சத்தில் காலை இழுத்துக்கொள்வார். நான் விடுவதில்லை.