வாயில் மறுத்தல்

தொல்காப்பியக் கற்பியல், தோழி தொடங்கிக் கண்டோர் ஈறாகப் பன்னிருவரை வாயில்கள் என்கிறது. பரத்தையிற் பிரிந்து மீளும் தலைவன் பாணனைத் தூதாக அனுப்புவான். பாணன் பொய்யன் என்பது தோழிக்குத் தெரியும். எனவே வாயில் மறுப்பாள். பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்திவரும் இத்துறையைப் புதிதாக எண்ணிப் பார்க்க வைத்தவர், சிறுசேரி சிப்காட் பூங்காவில் பணிபுரியும் என் பழைய மாணவர்.

தரவு மையங்களில் ஒரே கணினிக்குள் பலருடைய மெய்நிகர்க் கணினிகள் குடியிருக்கின்றன. வீட்டுக்காரர், ஹைப்பர்வைசர் என்னும் மென்பொருள். குடியிருப்பவரின் ரகசியத்தை வீட்டுக்காரரும் படிக்க இயலாதவாறு நினைவகத்தையே சங்கேதமாக்கும் வசதியை ஏ.எம்.டி., இன்டெல் நிறுவனங்களின் செயலிகள் தருகின்றன. சுவர் உறுதியானதுதான். வாயில்?

வலையில் செய்தி வந்தது, குறித்த நேரம் ஆயிற்று என்றெல்லாம் செயலிக்கு அறிவிப்பது குறுக்கீடு. எண்ணிட்டு, முறைப்படுத்தி அதைக் கொண்டுசேர்ப்பது குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தி. மெய்நிகர்க் கணினியில் பெரும்பாலும் அந்த வேடத்தைப் புனைவது ஹைப்பர்வைசரே. யாரை நம்பக்கூடாதோ அவரே தூதர்!

இதன் விளைவை 2024இல் சூரிச்சின் ஈ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'ஹெக்லர்' என்ற தாக்குதலால் காட்டினர். கூட்டத்தில் குறுக்கே கூச்சலிடுபவர் என்பது அச்சொல்லின் பொருள். லினக்ஸில் 128ஆம் எண், பழைய 32 பிட் நிரல்கள் இயங்குதளத்திடம் பணி கேட்கும் வழி. அவ்வெண்ணை வெளியிலிருந்து செலுத்தினால், நிரலே கேட்டதாகக் கருதி இயங்குதளம் தன் விடையை ஒரு பதிவகத்தில் எழுதிவிடும். அங்கிருந்த மதிப்பு அழியும். கடவுச்சொல்லைச் சோதிக்கும் நிரல் 'தவறு' என்று சொல்லும் தறுவாயில் இதைச் செய்தால், அது 'சரி' ஆகிவிடும். ஓரெழுத்தும் படிக்காமலே உள்ளே நுழையலாம்.

மாற்றுகள் வந்துள்ளன. இன்டெல்லின் அமைப்பில், 128 வெளியிலிருந்து வந்ததா என்பதை லினக்ஸ் கட்டுப்படுத்தியின் ஏட்டில் பார்த்துக்கொள்கிறது. அந்த ஏட்டை ஹைப்பர்வைசர் திருத்த முடியாது. ஏ.எம்.டி. வகுத்த ஒரு முறையில், ஹைப்பர்வைசர் ஒரேயொரு எண்ணை மட்டும் செலுத்தலாம். வாசல் மணி போல. வந்த செய்தியை ஏற்பதா என்று உள்ளிருப்பவர் முடிவு செய்வார். மற்றொரு முறையில், மெய்நிகர்க் கணினிக்குள்ளேயே கூடுதல் அதிகாரத்துடன் அமர்ந்திருக்கும் சிறு மென்பொருள் குறுக்கீடுகளைக் கையாளும். மாணவர் இதைச் சொன்னபோது, "அது தோழியப்பா!" என்றேன்.

வாயில் மறுத்தல் என்பது கதவைச் சுவராக்குவது அன்று. குறுக்கீடே வேண்டாம் என்று தாழிட்டால் கணினி செயலற்றுப்போகும். வந்தவர் யார், சொல்வது மெய்யா என்று ஆராய்வதே மறுத்தல். நம் வங்கிக் கணக்கும் மருத்துவக் குறிப்பும் இத்தகைய கட்டடங்களில்தான் குடியேறிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்குச் சுவரை விடவும் நல்ல தோழி வேண்டும்.

ஒன்றுக்கு மட்டும் இவற்றில் மருந்தில்லை என்றார் மாணவர். ஹைப்பர்வைசர் எந்தச் செய்தியையும் அனுப்பாமலே இருந்துவிட்டால்? ரகசியம் காக்கப்படும், வேலை நின்றுபோகும். தூதே வராத இல்லத்தில் தோழிக்கும் செய்வதற்கு ஒன்றுமில்லை.