கிளாம்பாக்கம் அல்ல, கேளம்பாக்கம்!

முதலில் ஓர் எச்சரிக்கை. தெற்கேயிருந்து பஸ்ஸில் வருகிறவர்களைச் சென்னைப் பட்டணத்துக்குள் கொண்டுபோய் இறக்கிவிட்ட காலம் போய்விட்டது. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி வண்டலூருக்குப் பக்கத்தில் கலைஞர் நூற்றாண்டு பஸ் நிலையத்தைத் திறந்தார்கள். இப்போது அங்கேதான் இறங்கவேண்டும். அந்த இடத்தின் பெயர் கிளாம்பாக்கம். நாம் போகவேண்டிய ஊரின் பெயரோ கேளம்பாக்கம்! எழுத்தில் கொஞ்சம்தான் கூடக் குறைய இருக்கிறது. பாதையில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் கூட இருக்கிறது. "எல்லாம் ஒன்றுதான், சார்" என்று சொல்லும் ஆட்டோக்காரரை நம்பிப் பெட்டியை ஏற்றிவிடாதீர்கள். வண்டலூருக்கு வந்து, தாம்பரத்திலிருந்து மாமல்லபுரம் போகும் 515-ஆம் எண் பஸ்ஸைப் பிடித்தால் சௌகரியமாகப் போய்ச் சேரலாம்.

கேளம்பாக்கத்தில் அப்படி என்ன விசேஷம் என்று கேட்கிறீர்களா? கோடை விடுமுறை வந்துவிட்டால் மதுரை, நெல்லை, விருதுநகர்ப் பக்கங்களிலிருந்தெல்லாம் காலேஜ் பிள்ளைகள் மூட்டை முடிச்சுடன் இந்த வட்டாரத்துக்கு வந்து சேருகிறார்கள். கம்பெனிகளில் ஆறு வாரமோ இரண்டு மாதமோ வேலை பழகுவதற்கு! 'இன்டர்ன்ஷிப்' என்று அதற்குப் பெயர். மார்க்குப் பட்டியலில் அதற்கும் ஓர் இடம் உண்டு என்பதால், 'எனக்கு வேண்டாம்' என்று தப்பித்துக்கொள்ள முடியாது. உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இந்த வருஷம் பெட்டி கட்டிக்கொண்டிருக்கலாம். ஆகவே, ஊரைக் கொஞ்சம் சுற்றிக் காட்டிவிடுகிறேன்.

விருதுநகர்ப் பக்கத்து நண்பர் ஒருவரின் மகள் சென்ற கோடையில் இப்படித்தான் வந்தாள். "பெண் தனியாக இருக்கிறாள், ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள்" என்று நண்பர் கேட்டுக்கொண்டார். ஒரு நடை என்பது நாலு ஞாயிற்றுக்கிழமைகளாக நீண்டுவிட்டது. அவள் வந்த முதல் வாரம் தன் தாயாருக்குப் போன் செய்து சொன்ன சமாசாரம் இது: "நான் சௌக்கியமா வந்துட்டேம்மா. ஆனா, பட்டணம்தான் இன்னும் வந்து சேரலை!"

உண்மைதானே? மெரீனாவையும் சென்ட்ரல் ஸ்டேஷனையும் எதிர்பார்த்து வந்தவளுக்கு ஜன்னலைத் திறந்தால் பனைமரம் தெரிகிறது. கேளம்பாக்கம் இருப்பது செங்கற்பட்டு ஜில்லாவில். அந்த ஜில்லாவே 2019-ல்தான் காஞ்சீபுரத்திலிருந்து பாகம் பிரிந்தது. பழைய மகாபலிபுரம் ரோடு என்றிருந்து, பின்னர் ராஜீவ் காந்தி சாலை என்று பெயர் மாறிய பெரிய சாலை ஊரின் நடுவே போகிறது. தரமணியில் 2000-ஆம் ஆண்டில் டைடல் பார்க் வந்ததுதான் தாமதம். கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஒன்றன் பின் ஒன்றாகத் தெற்கே நடந்து நடந்து, கேளம்பாக்கத்துக்குச் சற்று முன்னால் சிறுசேரியில் வந்து உட்கார்ந்துகொண்டன.

சிறுசேரியில் பார்க்கவேண்டியவை இரண்டு. ஒன்று, டி.சி.எஸ். கம்பெனியின் கட்டடம். பட்டாம்பூச்சி சிறகு விரித்த மாதிரி வரிசையாக நிற்கிறது. இதை அமைத்தவர் உருகுவே நாட்டுக்காரரான கார்லோஸ் ஓட். பாரிஸ் நகரத்துப் புதிய ஆபெரா மாளிகையும் அவர் கைவண்ணம்தான். இன்னொன்று, கணித மேதை சி. எஸ். சேஷாத்ரி 1989-ல் ஆரம்பித்து, 2005-ல் இங்கே குடிவந்த சென்னை கணிதவியல் கழகம். சுற்றிலும் ஆயிரக்கணக்கான பேர் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருக்க, இங்கே இன்னமும் சாக்கட்டியும் கரும்பலகையுமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு தனித் திருப்தி.

திங்கள் முதல் வெள்ளி வரையில் நம் பெண்ணின் கதை எல்லோருக்கும் தெரிந்த கதைதான். குளிர்சாதன அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியிலே அக்கினி நட்சத்திரம்! முதல் சனிக்கிழமை, பட்டணத்தைப் பார்த்தே தீருவதென்று 102-ஆம் எண் பஸ்ஸில் பிராட்வேக்குப் புறப்பட்டுவிட்டாள். சாதாரணக் கட்டணப் பஸ்களில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. ஆகையால் காசு செலவில்லை. ஆனால் போக ஒரு பொழுது, வர ஒரு பொழுது. நடுவில் கடற்கரையில் ஒரு சுண்டல் பொட்டலம். அவ்வளவுதான் பட்டணம். "மாமா, அடுத்த வாரம் எங்கேயாவது பக்கத்திலேயே போகலாமே" என்றாள். இதைத்தானே நானும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்?

பக்கத்திலே என்றால் முதலில் உப்பளம். கேளம்பாக்கம் கூட்டு ரோட்டிலிருந்து கோவளத்துக்குக் கிழக்கே திரும்பும் ஐந்து கிலோமீட்டர் சாலையில் விடியற்காலையில் போகவேண்டும். ஊர் முடிந்ததும் திடீரென்று ஆகாயம் அகன்றுவிடுகிறது. சாலைக்குப் பக்கங்களில் கண்ணாடித் துண்டுகளைப் பதித்தாற்போல் பாத்தி பாத்தியாகத் தண்ணீர். வரப்புகளில் வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள். நடுவே பக்கிங்ஹாம் கால்வாய். 1806-ல் சென்னைக்கு வடக்கே வெட்ட ஆரம்பித்தது இந்தக் கால்வாய். 1876 முதல் 1878 வரையில் நாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில், பட்டினி கிடந்த ஜனங்களுக்குக் கூலி கொடுத்துச் சென்னை நகரத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை வெட்டினார்கள். அப்போதிருந்த கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் நிலைத்துவிட்டது. வெட்டியவர்கள் பெயர் ஒன்றுகூட நிலைக்கவில்லை. உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் ஒரு காலத்தில் இதில் பட்டணத்துக்குப் போய்க்கொண்டிருந்தன.

உப்பு எப்படி விளைகிறது தெரியுமா? உப்பங்கழி வழியாக உள்ளே வரும் கடல் தண்ணீரை முதலில் பெரிய பாத்திகளில் தேக்கி வெயிலில் காய விடுகிறார்கள். பிறகு அடுத்த பாத்தி, அதற்கடுத்த பாத்தி. தண்ணீர் எவ்வளவு கெட்டிப்பட்டிருக்கிறது என்பதை ஒரு கண்ணாடிக் குழலை மிதக்க விட்டுப் பார்க்கிறார்கள். அந்த அளவுக்குப் பெயர் என்ன என்கிறீர்கள்? 'டிகிரி'! கடலிலிருந்து வரும்போது தண்ணீருக்கு மூன்று, மூன்றரை டிகிரி. அது பத்தில் ஒரு பங்காகச் சுண்டி 25 டிகிரியைத் தொட்டால் உப்பு பூக்க ஆரம்பிக்கிறது. 29-க்கு மேல் போகவிட்டால் கசப்பு தட்டிவிடும். மிச்சத் தண்ணீரை வெளியே விட்டுவிடவேண்டும். காலேஜ் டிகிரிக்காக வந்த பெண்ணுக்கு இதைக் கேட்டதும் சிரிப்பு தாங்கவில்லை.

இந்த வேலைக்கும் கோடைதான் பருவம். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் பாத்தியில் எல்லாம் கரைந்துவிடும். ஆகவே, எந்த வெயிலுக்குப் பயந்து நாம் அறைக்குள் பதுங்குகிறோமோ, அந்த வெயிலை நம்பி இவர்கள் பாத்தியில் இறங்குகிறார்கள். பலகை பொருத்திய நீண்ட கழியால் உப்பை வாரிக் கரையில் ஒதுக்கிக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி, வரப்பில் நின்ற எங்களைப் பார்த்துக் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு விசாரித்தாள்.

"இன்னா கண்ணு, எந்த ஊரு? சிறுசேரி கம்பெனியில வேலையா?"

"வேலை இல்லைக்கா. வேலை கத்துக்க வந்திருக்கேன்."

"காசு எவ்ளோ தராங்கோ?"

"காசெல்லாம் கிடையாது. கடைசியிலே சர்டிபிகேட் தருவாங்க."

"கத்துக்கிறவங்கன்னாலும் வேலை செய்யறே இல்ல?"

நம் பெண்ணுக்குப் பதில் தோன்றவில்லை. எனக்கும்தான். அவளுடைய விடுதி வாடகைக்காக நண்பர் வீட்டில் ஒரு சங்கிலி அடகுக் கடைக்குப் போயிருந்தது எனக்குத் தெரியும்.

பெற்றோர்களே, இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்று கேளுங்கள். 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம், தொழிற்சாலைகளில் பயிலுகிறவர்களுக்கு மாதா மாதம் உதவித்தொகை கொடுக்கவேண்டும் என்கிறது. கோடையில் வரும் காலேஜ் பிள்ளைகளோ பெரும்பாலும் அந்தச் சட்டத்தின் கணக்கில் சேருவதில்லை. கொடுக்கிற கம்பெனி கொடுக்கிறது. கொடுக்காத கம்பெனி 'அனுபவம்' கொடுக்கிறது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பிள்ளைகளிடமே காசு வாங்கிக்கொண்டு, பத்து நாள் உட்காரவைத்து, முத்திரை குத்திய காகிதத்தை நீட்டும் இடங்களும் இருக்கின்றனவே! வேலை பழக வருகிறவரிடம் பணம் கேட்கும் இடத்துக்குத் தயவுசெய்து அனுப்பாதீர்கள். என்ன வேலை, யார் கற்றுக்கொடுப்பார், உதவித்தொகை உண்டா இல்லையா என்று முன்கூட்டியே கடிதத்தில் எழுதி வாங்கிவிடுங்கள். கேட்பதற்குக் கூச்சமாக இருந்தால் அந்த உப்பளத்து அம்மாளை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கோவளத்துக்குப் போவோம். (கேரளத்துக் கோவளம் வேறு, இந்த வட்டாரத்தில் பெயர்க் குழப்பத்துக்குப் பஞ்சமே இல்லை.) இன்று மீன்பிடி குப்பமாகத் தெரியும் இந்த ஊர் ஒரு காலத்தில் பெரிய துறைமுகம். ஆற்காட்டு நவாபு காலத்தில் இதற்குச் 'சாதத் பந்தர்' என்று பெயர். பெல்ஜியம் தேசத்திலிருந்து வந்த ஆஸ்டெண்டுக் கம்பெனியார்கூட இங்கே கடை விரித்தார்கள். பிறகு பிரெஞ்சுக்காரர்கள் வசமிருந்த கோட்டையை 1752-ல் ராபர்ட் கிளைவ் பிடித்துத் தகர்த்துவிட்டார். அந்த யுத்தத்தில்தான் ஒரு வேடிக்கை. கிளைவுக்குக் கிடைத்த சிப்பாய்கள் லண்டன் சந்து பொந்துகளில் பிடித்துக் கப்பலேற்றிய கத்துக்குட்டிகள். கோட்டையிலிருந்து வந்த ஒரே ஒரு குண்டு ஓர் ஆளைச் சாய்த்ததும் மற்றவர்கள் அத்தனை பேரும் திரும்பி ஓட்டம் பிடித்தார்களாம்! அந்தப் படையெடுப்பின்போது பீரங்கிச் சத்தத்துக்குப் பயந்த காவல்காரன் ஒருவனைச் சில மணி நேரம் கழித்துக் கிணற்றுக்குள்ளிருந்து கண்டெடுத்தார்கள் என்று மெக்காலே எழுதி வைத்திருக்கிறார். கிளைவ் அவர்களையே பழக்கிப் பழக்கிச் சிப்பாய்களாக்கினார். அவர்களும் ஒருவகையில் பயிற்சிக்கு வந்தவர்கள்தானே? "நானும் முதல் நாள் மீட்டிங்கில் கிணறு இருந்தால் குதித்திருப்பேன், மாமா" என்றாள் நம் பெண்.

கோட்டை இருந்த இடத்தில் இப்போது ஒரு பெரிய ஹோட்டல் இருக்கிறது. அது நம் பர்சுக்கு எட்டாதது; வெளியே மணலில் நடக்கக் காசு வேண்டாம். கோவளம் கடற்கரைக்குச் சுத்தத்துக்கான சர்வதேச நீலக்கொடி 2021-ல் கிடைத்திருக்கிறது. கொஞ்ச தூரத்துக்குள்ளேயே தமீமுல் அன்சாரி தர்காவும் பழைய மாதா கோயிலும் இருக்கின்றன. வியாழக்கிழமைகளில் தர்காவுக்குப் போகிறவர்களில் எல்லா மதத்தினரும் உண்டு. கடலிலோ, மீனவர் குப்பத்துப் பையன்கள் பலகை மேல் நின்று அலைமீது சறுக்கிக்கொண்டு வருகிறார்கள். 2013 முதல் இங்கே அலைச்சறுக்குத் திருவிழா நடந்திருக்கிறது. கட்டுமரத்தில் நின்று பழகிய கால்களுக்குப் பலகை எம்மாத்திரம்? நம் பெண்ணும் ஒரு மணி நேரம் கற்றுக்கொண்டாள். அதாவது, ஒரு மணி நேரம் உப்புத் தண்ணீர் குடித்தாள்.

கோவளத்துக்கு வடக்கே முட்டுக்காட்டில் படகுத் துறை இருக்கிறது. அதன் பக்கத்தில் 1996-ல் திறந்த தட்சிணசித்ரா. செட்டிநாட்டு வீடு, கேரளத்து வீடு என்று அசல் வீடுகளையே பெயர்த்துக்கொண்டுவந்து கட்டியிருக்கிறார்கள். ஒரு முழுப் பகல் வேண்டும். செவ்வாய்க்கிழமை போய் ஏமாறாதீர்கள், விடுமுறை. மாமல்லபுரத்தைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்லப் போகிறேன்? அதை விட்டுவிடுகிறேன்.

ஆனால் கோவளத்துக்குத் தெற்கே உள்ள திருவிடந்தையை விடுவதற்கில்லை. அங்கே வராகப் பெருமாள் காலவ மகரிஷியின் 360 பெண்களை நாளைக்கு ஒருத்தியாக மணந்துகொண்டாராம். ஆகவே நித்திய கல்யாணப் பெருமாள். கல்யாணம் தடைப்படுகிறவர்கள் மாலை சாத்தி, பிரசாதமாகத் திரும்பி வரும் மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது முறை பிராகாரம் சுற்றுகிறார்கள். மணமான பிறகு அந்தக் காய்ந்த மாலையோடு தம்பதியாக வந்து நன்றி செலுத்தவேண்டும். இந்தச் செய்தி எப்படியோ விருதுநகர் வரைக்கும் எட்டிவிட்டது! "பக்கத்திலேதானே இருக்கே, ஒரு மாலை போட்டுட்டு வாயேன்டி" என்று தாயார் போனில் சொன்னாராம். "முதல்லே வேலைக்கு மாலை போடுற கோயில் இருந்தா சொல்லு" என்று இவள் பதில் கொடுத்துவிட்டாள். கோயிலுக்குப் போனோம், சுற்றினோம், மாலை வாங்கவில்லை. வாசலில் நுங்கு வாங்கினோம்.

கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கென்று திருப்போரூரை வைத்திருந்தேன். பதினேழாம் நூற்றாண்டில் சிதம்பர சுவாமிகள் புதுப்பித்துக் கட்டிய கந்தசாமி கோயில் அங்கே இருக்கிறது. கோயிலைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலுள்ள பிரணவ மலைமேல் மெதுவாக ஏறுங்கள். மலை என்று பெயரே தவிர, பாட்டிகளும் ஏறும் உயரம்தான். சாயங்காலம் கடற்காற்று வீசத் தொடங்கியதும் படியிலேயே உட்கார்ந்துவிடத் தோன்றும். நாங்களும் உட்கார்ந்தோம். கம்பெனியில் உதவித்தொகை கேட்டு அவள் மேலதிகாரிக்கு எழுதிய கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டியது அங்கேதான். மரியாதையான கடிதம், நாலே வரி. நான் ஒரு வார்த்தைகூடத் திருத்தவில்லை. 'அனுப்பு' என்றேன், அனுப்பிவிட்டாள். பாதி மாதத்துக்கு மட்டும் ஏதோ கொடுக்கச் சம்மதித்ததாகப் பிற்பாடு போன் வந்தது.

நீங்கள் போகும்போது இருட்டுவதற்குள் கீழே இறங்கிவிடுங்கள். கேளம்பாக்கம் பஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமை இரவு உட்கார இடம் கிடைப்பது சிரமம்.