முன்பாரம், பின்பாரம்

டிராக்டரின் முன் சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு ஒரு சாண் எழும்பி நின்றன.

விக்கிரவாண்டிக்குக் கிழக்கே ஒரு கிராமம். கரும்பு வயலிலிருந்து தார்ச்சாலைக்கு ஏறும் மண் சரிவு. டிராக்டர் சரிவில் ஏறிவிட்டது. பின்னால் மாட்டியிருந்த டிரெய்லர் இன்னும் ஈர வயலிலேயே புதைந்து கிடந்தது. ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் வண்டி கேட்கவில்லை. மகன் சட்டென்று கிளட்ச்சை மிதித்தான். முன் சக்கரங்கள் 'தொம்'மென்று விழுந்தன. டிராக்டர் பின்னால் உருண்டு, டிரெய்லர் வரப்பில் முட்டி நின்றது. யாருக்கும் அடியில்லை.

வழக்கமாக அந்த நேரத்துக்கு மட்கார்டு மேல் அவனுடைய 9 வயது மகள் உட்கார்ந்திருப்பாள். ஆலைக்குப் போகிற வழியில் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவது வழக்கம். அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல்.

வரப்பில் நின்றிருந்த பெரியவர் மகனைத் திட்டவில்லை. டிரெய்லரைச் சுற்றி வந்தார். கரும்புக் கட்டுகள் எங்கே அதிகமாக ஏறியிருக்கின்றன என்று பார்த்தார். பிறகு ஒரே வார்த்தை சொன்னார்.

"முன்பாரம்டா."

அவருக்கு 71 வயது. டிராக்டர் ஓட்டத் தெரியாது. ஆனால் 20 வயதிலிருந்து மாட்டுவண்டி ஓட்டியவர். நெல் மூட்டையும் மணிலா மூட்டையும் ஏற்றிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகத் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் போனவர். அந்தக் காலத்து வண்டிக்காரர்கள் மூட்டை ஏற்றியதும் நேரே மாட்டைப் பூட்டிவிட மாட்டார்கள். ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்ப்பார்கள். தூக்க முடியாமல் கனத்தால் அது முன்பாரம்; நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்திப் புண்ணாக்கிவிடும். ஏர்க்கால் தானாக மேலே எழும்பினால் பின்பாரம். பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். ஒரு மூட்டையை முன்னுக்கோ பின்னுக்கோ ஒரு முழம் நகர்த்தினால் போதும், சரியாகிவிடும். மேட்டில் ஏறும்போது வண்டிக்காரர் எழுந்து ஏர்க்கால் பக்கம் நகர்ந்து உட்காருவார். இறக்கத்தில் பின்னுக்கு வருவார். அவர் உடம்பே நகரும் எடைக்கல்.

பெங்களூரு ஐ.ஐ.எம். இயக்குநராக இருந்த என்.எஸ்.ராமசாமி, மாட்டுவண்டியைச் சீர்படுத்தப் பல ஆண்டுகள் பாடுபட்டவர். மாட்டின் கழுத்தில் நுகத்தடி அழுந்துவது அவருடைய பெரிய கவலைகளில் ஒன்று. வண்டிக்காரர்கள் கைப்பழக்கத்தில் அறிந்திருந்ததை அவர் அறிவியலாகப் பேசினார்.

டிராக்டருக்குக் கழுத்து இல்லை, புண் வராது. அதனால்தான் யாரும் அதற்குப் பரிதாபப்படுவதில்லை. ஆனால் கணக்கு அதே கணக்குதான்.

அன்று ராத்திரி மகன் செல்போனைத் தூக்கிக்கொண்டு வந்தான். அமெரிக்காவில் இருக்கும் மச்சான் அனுப்பிய வீடியோ. அங்கே காருக்குப் பின்னால் ஒரு வீட்டையே மாட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள். கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ள டிராவல் டிரெய்லர். அதன் பாரம் கொக்கியில் அழுந்தியதும் காரின் பின்பக்கம் அமுங்குகிறது, முன்பக்கம் தூக்குகிறது. அதைச் சரிசெய்ய ஒரு தனிக் கொக்கி இருக்கிறது. இரண்டு பக்கமும் நீளமான இரும்பு வில்கம்பிகள். சங்கிலி போட்டு அவற்றை இறுக்கினால், கார் மறுபடி சமமாக நிற்கிறது.

"நம்ம வண்டிக்கும் இது மாதிரி ஒண்ணு செஞ்சிடலாம்பா. திண்டிவனத்துல சொன்னா பட்டறையில அடிச்சுக் குடுத்துடுவாங்க."

பெரியவர் வீடியோவை மூன்று முறை போடச் சொன்னார்.

"எடை எங்க போவுது?" என்றார்.

நல்ல கேள்வி. எடை எங்கும் போவதில்லை. ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியின் இரண்டு கைப்பிடிகளைத் தூக்குவதுபோல அந்த வில்கம்பிகள் வேலை செய்கின்றன. காரின் பின் அச்சில் குவிந்த பாரத்தில் ஒரு பகுதியை முன் அச்சுக்கும், இன்னொரு பகுதியை டிரெய்லர் அச்சுக்கும் பிரித்து அனுப்புகின்றன. அவ்வளவுதான். அந்தக் கொக்கிக்கும் தாங்கும் அளவு உண்டு. அங்கேயும் டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவிகிதம் வரைதான் கொக்கியில் இறங்கலாம் என்பது பொதுவான கணக்கு. அதற்கும் குறைந்தால் டிரெய்லர் நெடுஞ்சாலையில் பாம்புபோல ஆடும். முதலில் சாமான்களைச் சரியாக அடுக்க வேண்டும். கொக்கியைத் தேர்ந்தெடுப்பது அப்புறம். தார்ச்சாலையில் ஓடும் காருக்காகச் செய்தது அது. பள்ளமும் வரப்புமாக முறுக்கிக்கொண்டு போகும் கரும்பு வண்டியில், பட்டறையில் அடித்த வில்கம்பி எத்தனை நாள் உடையாமல் நிற்கும்?

மறுநாள் காலையில் மருமகள்தான் கணக்கு நோட்டை எடுத்து உட்கார்ந்தாள். பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள். "மாமா, நீங்க சொல்லுங்க, நான் போடுறேன்" என்றாள்.

டிரெய்லரும் கரும்பும் சேர்ந்து 5,000 கிலோ என்று வைத்துக்கொண்டாள். அச்சிலிருந்து கொக்கிவரை 3 மீட்டர். பாரத்தின் நடுப்புள்ளி அச்சுக்கு 30 செ.மீ. முன்னால் இருந்தால் கொக்கியில் 500 கிலோ இறங்கும். கரும்பை முன்பக்கம் நெருக்கி அடுக்கி, நடுப்புள்ளி 60 செ.மீ.க்கு வந்துவிட்டால் 1,000 கிலோ! ஆள்கள் முன்பலகையில் சாய்த்துச் சாய்த்து ஏற்றியதில் நடந்தது இதுதான்.

இனி டிராக்டர் பக்கம். சுமார் 2,000 கிலோ எடையுள்ள வண்டியில் 700 கிலோ முன் அச்சில் இருக்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் 1.9 மீட்டர். கொக்கி, பின் அச்சுக்கு 60 செ.மீ. பின்னால். அங்கே 1,000 கிலோ அழுந்தினால் ஏற்றப் பலகை விளையாட்டுபோல முன் அச்சில் சுமார் 315 கிலோ குறையும். மிச்சம் 385. டிராக்டர் எடையில் 5-ல் ஒரு பங்காவது முன் சக்கரத்தில் இருந்தால்தான் ஸ்டீயரிங் கேட்கும் என்பார்கள். அதாவது 400 கிலோ. சமதரையில் நிற்கும்போதே வண்டி அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. அதற்கு மேல் சரிவு, சேற்றில் புதைந்த டிரெய்லரை இழுக்கும் இழுவை. இரண்டும் முன்பக்கத்தைத் தூக்கத்தான் பார்க்கும்.

"இன்னொண்ணு இருக்கு" என்றான் மகன், கொஞ்சம் தயங்கி.

போன வருஷம் டிரெய்லர் முன்பக்கம் தாழ்ந்து போகிறது என்று, டிராக்டரில் வழக்கமான இடத்துக்கு ஒரு அடி மேலே ஒரு கொக்கியை வெல்டிங் வைத்திருந்தான். டிரெய்லர் சமமாக நின்றது. பார்க்கவும் அழகாக இருந்தது. மருமகள் அதையும் போட்டுப் பார்த்தாள். ஒரு டன் விசையோடு இழுக்கும்போது, கொக்கி 30 செ.மீ. உயர்ந்ததற்கே முன் அச்சில் இன்னும் 160 கிலோ குறைகிறது. நோட்டை மூடிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் அங்கிருந்து பாத்திரச் சத்தம் பலமாகக் கேட்டது.

டிராக்டர் பின்பக்கமாகக் கவிழ்வது புதிய சங்கதியல்ல. வட அயர்லாந்துக்காரரான ஹாரி ஃபெர்குசன் கலப்பையை டிராக்டரோடு மூன்று புள்ளிகளில் இணைக்கும் முறையைக் கொண்டுவந்ததற்கு இதுவும் ஒரு காரணம். பழைய டிராக்டர்களில் கலப்பை பாறையில் மாட்டினால் வண்டி மல்லாந்து ஓட்டுநர் மேலேயே விழும். அவர் பெயரின் பாதிதான், சென்னையில் டாஃபே நிறுவனம் தயாரித்த மாஸே ஃபெர்குசன் டிராக்டர்களில் ஊரெல்லாம் ஓடுகிறது. டிரெய்லரையும் அவர் விட்டுவைக்கவில்லை. அச்சைக் கொஞ்சம் பின்தள்ளி வைத்து, பாரத்தில் ஒரு பங்கு டிராக்டரின் பின் சக்கரத்தில் இறங்கும்படி செய்தார். பின் சக்கரம் சேற்றில் சுழலாமல் தரையைப் பிடிக்க அந்தப் பாரம் வேண்டும். முன்பாரமே கூடாது என்பதில்லை. அளவோடு வேண்டும்.

திண்டிவனத்தில் ஒரு பட்டறை. பழைய டிரெய்லரின் சட்டமும் துருப்பிடித்துவிட்டதால் புதிதாகவே செய்துவிடுவது என்று முடிவாகியிருந்தது. பட்டறைக்காரர் இரண்டு வகை காட்டினார். நான்கு சக்கர டிரெய்லர் என்றால் கொக்கியில் பாரமே இறங்காது, முன்பக்கம் தூக்கும் பயமில்லை. ஆனால் ஈர வயலில் டிராக்டரின் பின் சக்கரம் சும்மா சுற்றும். ரிவர்ஸ் எடுப்பதும் பெரும்பாடு. இரண்டு சக்கரம் என்றால் விலை குறைவு, எங்கேயும் திரும்பும்.

"ரெண்டு சக்கரமே போதும்" என்றார் பெரியவர். "அச்சை மட்டும் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கொறச்சலா முன்னால தள்ளி வையுங்க. கொக்கி கீழேயே இருக்கட்டும். டிரெய்லர் நேரா நிக்கணும்னா அதோட மூக்கைக் கீழ வளைச்சுக் குடுங்க, டிராக்டர்ல கை வைக்க வேணாம்."

"எல்லாருக்கும் ஒரே இடத்துலதான் பெரியவரே அச்சு வைக்கிறோம்."

"எல்லாரும் ஒரே மாதிரியா ஏத்துறாங்க?"

பட்டறைக்காரர் சிரித்துவிட்டு, சுண்ணாம்புக்கட்டியை எடுத்துச் சட்டத்தில் கோடு போட்டார். டிராக்டரின் முன் பம்பரில் மாட்ட இரும்பு எடைக்கட்டிகளும் வாங்கிக்கொள்ளச் சொன்னார். அதற்குப் பெரியவர் மறுப்புச் சொல்லவில்லை. 'எடைக்கட்டி மாட்டியாச்சு' என்ற தைரியத்தில் பின்னால் இன்னும் ஏற்றிவிடக் கூடாது என்று மகனுக்கு மட்டும் சொல்லிவைத்தார்.

புது டிரெய்லரைக் காலியாகவே மாட்டிக்கொண்டு கூட்டேரிப்பட்டு வழியாக ஊர் திரும்பினார்கள். அரவை நேரம். முண்டியம்பாக்கம் பக்கம் கரும்பு வண்டிகள் வரிசையாக நின்றன. பல வண்டிகளில் பின்னால் தொங்கும் கரும்புத் தோகை சிவப்பு விளக்கை மூடியிருந்தது. அது தனிக் கதை. பனிக்கால ராத்திரியில் அந்தச் சாலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

கட்டிங் ஆர்டர் வந்தது. முதல் லோடு ஏறியது. ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்க்கிற மாதிரி இதைத் தூக்க முடியாதே! வயலிலிருந்து தார்ச்சாலை வரைக்கும் டிராக்டருக்குப் பக்கத்திலேயே, முன் சக்கரத்தைப் பார்த்தபடி நடந்தார் பெரியவர். சாலைக்கு வந்ததும் மகன் ஆலைக்கு நேரே போகாமல் ஒரு வே-பிரிட்ஜுக்கு விட்டான். எடை போடுகிறவருக்கு முதலில் புரியவில்லை. டிரெய்லரைக் கழற்றாமல், டிராக்டரை மட்டும் மேடையில் ஏற்றி, டிரெய்லர் சக்கரங்களை வெளியே விட்டு ஒரு எடை. பிறகு முன் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்க இன்னொரு எடை.

டிராக்டர் தனியாக 2,010 கிலோ என்று முந்தின நாளே பார்த்திருந்தார்கள். இப்போது 2,540. கொக்கியில் இறங்கியது 530. முன் அச்சில் 540 கிலோ தங்கியிருந்தது. எடைக்கட்டி மாட்டாமலே! மகன் அந்தச் சீட்டைப் போட்டோ எடுத்து மனைவிக்கு அனுப்பினான். 'சரி' என்று மட்டும் பதில் வந்தது. அதன் பிறகும் மகளை மட்கார்டில் ஏற்ற அவள் விடவில்லை. பள்ளிக்கூடத்துக்கு அம்மாவும் பெண்ணும் இப்போது சைக்கிளில் போகிறார்கள்.

எந்த இடம் வரைக்கும் கட்டு அடுக்கினால் இந்த எடை வந்தது என்று பார்த்து, டிரெய்லரின் பக்கப் பலகையில் வெள்ளை பெயின்டால் கோடு போட்டார் பெரியவர்.

இரண்டாவது லோடின்போது கோட்டுக்கு முன்னால் இடம் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, வெட்டு ஆள் ஒருவர் குரல் கொடுத்தார். "பெரியவரே, இன்னும் பத்துக் கட்டு இங்க தாராளமா பிடிக்கும். எதுக்கு வீணா விடணும்?"

"அது அடுத்த நடைக்கு" என்றார் அவர்.

பத்துக் கட்டும் வரப்பிலேயே கிடந்தன. சாயங்காலம் பேத்தி வந்து, அதிலிருந்து ஒரு கரும்பை உருவிக்கொண்டு போனாள்.